சாப்பிட்டாச்சு என்று சொன்ன உண்மைக் காவலாளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓய்வு பெறுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. முப்பத்திரண்டுதான் ஆகிறது. இரண்டாவது குழந்தை வரப்போவதால், ஊர் ஊராகப் போய்ப் புதிர்ப் பந்தல் போடுகிற இந்த வேலையிலிருந்து விலகுகிறேன். "புதுசா வர்ற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுத்துட்டுப் போங்க மேடம்" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எழுதுவதும் அடிப்பதுமாக ஒரு வாரம் ஓடிவிட்டது. இதுவும் சரியாக வந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் கொடுத்துவிடுகிறேன்.

பந்தலை எப்படிக் கட்டுவது, மைக்கை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் இரட்டை வாசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம்மிடம் இருக்கிற புதிர்களிலேயே கூட்டம் சேர்ப்பதும் அதுதான், சண்டை இழுப்பதும் அதுதான்.

விளையாட்டு உங்களுக்குத் தெரியும். இரண்டு வாசல், இரண்டு காவலாளி. ஒருவர் எதைக் கேட்டாலும் உண்மை சொல்வார். மற்றவர் எதைக் கேட்டாலும் பொய் சொல்வார். யார் எவர் என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. ஒரு வாசலுக்குப் பின்னால் கடலை மிட்டாய், இன்னொன்றுக்குப் பின்னால் பாகற்காய். யாராவது ஒரு காவலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, ஒரு வாசலில் நுழைய வேண்டும்.

மதுரையில் இந்த ஒரு கேள்வியை ஜனங்கள் எப்படிச் செலவழிப்பார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது. ஒரு பெரியவர் வந்தார். விதியை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். காவலாளியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். அவ்வளவுதான், கேள்வி போய்விட்டது. அன்று பொய்க்காரராக நின்றவர், கோரிப்பாளையத்தை விட்டு நகராத மனிதர், "தூத்துக்குடி" என்றார். பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "தூத்துக்குடியில எங்க? என் மச்சினன் அங்கனதான் இருக்கான்" என்று ஆரம்பித்தார். பின்னால் நின்ற வரிசை நெளிந்தது. கடைசியில் பாகற்காயை வாங்கிக்கொண்டு, "ஊர்க்காரப் பய, நல்ல பய" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இன்னொருவர் அவசரமாக வந்து "பாத்ரூம் எங்கண்ணே?" என்று கேட்டார். அன்று இருந்ததும் பொய்க் காவலாளிதான். கை காட்டினார். அந்த மனிதர் அதன் பிறகு நம் பந்தல் பக்கம் வரவே இல்லை. கழிப்பறைக்கு அம்புக்குறி போட்ட பலகை ஒன்று நம் சாமான்களோடு எல்லா ஊருக்கும் வருகிறதே, ஏன் என்று யோசித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

சிரிப்பாக இருந்தாலும் அந்தக் காவலாளி செய்தது சரி. பொய்க்காரர் பாவம் பார்த்து ஒரே ஒரு உண்மை சொல்லிவிட்டால் புதிர் அங்கேயே செத்துப்போகும். அதனால் வேஷம் கலையவே கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். திடீர் திடீரென்று சோதனையும் வைப்பேன். அந்தச் சோதனைகளின் பலனை நானே அனுபவித்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, கோடை விடுமுறைக்குப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் நம் இரட்டை வாசல். இடது வாசலில் நுழைந்தால் ஒரு நடை, அது முடிகிற இடத்தில் சமையல் கட்டு. அங்கே பொருட்காட்சிக்கு வருகிறவர்களுக்காகப் பெரிய வாணலியில் வடை வெந்துகொண்டே இருக்கும். வலது வாசலில் நுழைந்தால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் பஸ் போகிற ரோடு.

காவலாளிகள் ரஃபீக் அண்ணனும் செல்வியும். ரஃபீக் அண்ணன்தான் மேலே சொன்ன கோரிப்பாளையத்துக்காரர். செல்வி செக்கானூரணிப் பக்கம், கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு அரசாங்க வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். இரண்டு பேருக்கும் தலைப்பாகை, பட்டு அங்கி, ஒட்டு மீசை. செல்விக்கு மீசை ரஃபீக் அண்ணனைவிட நன்றாகப் பொருந்தும். இன்று யார் உண்மை, யார் பொய் என்பதைக் காலையில் அவர்களே ரகசியமாகப் பேசி முடிவு செய்துகொள்வார்கள். என்னிடம் சொல்லமாட்டார்கள். அதுவும் நான் போட்ட ஏற்பாடுதான். என் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது. வருகிறவர்கள் காவலாளியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தே விடை கண்டுபிடித்தார்கள்.

முதல் நாள் நான் வைத்த சோதனை இது. கூட்டத்துக்கு நடுவே ஓடிப்போய், "அண்ணே, என் போனைக் காணோம், பாத்தீங்களா?" என்று பதறினேன். ரஃபீக் அண்ணன் அன்று பொய்க்காரர். பாவம், தலைப்பாகை நழுவ மேசைக்கு அடியில் குனிந்து, "இல்லையேம்மா, எங்க வெச்ச?" என்று தேட ஆரம்பித்துவிட்டார். நான் இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டி, "வேஷம் கலஞ்சுபோச்சுண்ணே" என்றேன். செல்வி மீசையைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தா பாரு தங்கச்சி, அல்லா மேல ஆணை. இனிமே நீ அழுது பொரண்டாலும் நான் கலைய மாட்டேன்."

மறுநாள், வழக்கமாக என் மகளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அக்கா ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டதால், ஆனையூரிலிருந்து நிலாவைக் கூடவே அழைத்து வந்திருந்தேன். அவளுக்கு அப்போது நான்கரை வயது. என் மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, வண்ணப் பென்சில், தண்ணீர் பாட்டில். எழுந்தால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்காதீர்கள். குழந்தையை வேலை இடத்துக்கு அழைத்து வந்தது சரியா, வீட்டிலேயே இருந்திருக்கலாமோ என்று காலையிலிருந்தே மனசு இரண்டாக இருந்தது.

மத்தியானம் கூட்டம் ஏறியது. எங்கள் மூன்று பேருக்கும் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் என் மேசைக்கு அடியிலேயே கிடந்தன. அந்த நேரம் பார்த்து ஒருவர் கையில் பாகற்காயோடு என்னிடம் சண்டைக்கு வந்தார். பெரிய மீசை, நிஜ மீசை.

"என்னம்மா இது? நான் நல்லாத்தான கேட்டேன். அந்த மீசக்காரப் பிள்ளைகிட்ட, 'மிட்டாய் எங்கத்தா இருக்கு'ன்னு கேட்டேன். கை காமிச்சுச்சு. போனா பாவக்கா!"

"சார், அதுல ஒருத்தர் பொய் சொல்லுவாங்க சார்."

"பொய் சொல்றதுக்குச் சம்பளமா? இதே வேலையா என் கடையில ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் நான்தான் சம்பளம் குடுக்கேன்!"

அவருக்கு விடையை விளக்கி அனுப்பினேன். ஒரு காவலாளியிடம், 'அடுத்த காவலாளியைக் கேட்டால் எந்த வாசலைக் காட்டுவார்?' என்று கேட்க வேண்டும். என்ன பதில் வந்தாலும் அதற்கு எதிர் வாசலில் போக வேண்டும். உண்மைக்காரர் பொய்யரின் பொய்யை அப்படியே சொல்வார். பொய்க்காரர் உண்மைக்காரரின் உண்மையைப் புரட்டிச் சொல்வார். எப்படிப் பார்த்தாலும் கிடைப்பது தப்பான வாசல். "அட!" என்று அவர் பாகற்காயால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. தண்ணீர் பாட்டில் இருக்கிறது, பென்சில்கள் இருக்கின்றன, என் கைப்பை திறந்து கிடக்கிறது. நிலா இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் பார்த்தேன். முன்வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "இந்தப் பக்கம் வரலையே மேடம்" என்றார். அப்படியானால் மிச்சம் இருப்பது நம் இரண்டு வாசல்கள். ஒரு பக்கம் கொதிக்கிற எண்ணெய். இன்னொரு பக்கம் பஸ். எதை முதலில் பார்ப்பது? தப்பான பக்கம் ஓடி, திரும்பி வருவதற்குள் என்னவெல்லாம் நடக்கலாம்? என் மனம் அந்த நேரத்தில் எத்தனை படம் போட்டது என்று சொன்னால் நீங்கள் இந்த வேலைக்கே வரமாட்டீர்கள்.

"அண்ணே! பாப்பா எந்தப் பக்கம் போனா?"

ரஃபீக் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "இடது வாசல்."

"இல்லக்கா" என்றாள் செல்வி, மீசையை முறுக்கிக்கொண்டே. "வலது வாசல்."

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"விளையாடாதீங்க! இது டெஸ்ட் இல்ல, நெசமாவே காணோம்!"

"டெஸ்ட்டுதான், தெரியும்" என்றார் அண்ணன்.

"ச்சேச்சே, டெஸ்ட்டே இல்லக்கா" என்றாள் செல்வி. கண்ணில் அத்தனை குறும்பு.

யோசித்துப் பாருங்கள். அவர்கள் இரண்டு பேரும் என் நல்ல மாணவர்கள். நான் பதறப் பதற, அவர்கள் என்னிடம் பேர் வாங்கும் ஆசையில் இன்னும் விறைப்பாக நின்றார்கள். நேற்று போன் காணோம் என்று அழுதவள் இன்று பிள்ளையைக் காணோம் என்று அழுகிறாள். அந்த மண்டபத்திலேயே பெரிய பொய்க்காரி நான்தான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

அழுதால் நம்பமாட்டார்கள். அப்படியென்றால் புதிரைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பதில் எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டால், பொய்க்காரர் தானாகவே மாட்டிக்கொள்வார். பகலா இரவா என்று கேட்டிருக்கலாம். ரெண்டும் ரெண்டும் எத்தனை என்று கேட்டிருக்கலாம். பதற்றத்தில் என் வாயில் வந்தது, நான் தினமும் அவர்களிடம் கேட்கிற கேள்வி.

"ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டாச்சும்மா" என்றார் ரஃபீக் அண்ணன்.

"சாப்ட்டேன்க்கா" என்றாள் செல்வி.

பொட்டலம் மூன்றும் என் மேசைக்கு அடியில் இருக்கிறது. இரண்டு பேருமே பொய்!

உண்மைக்காரர் என்று இங்கே ஒருத்தரும் இல்லையா? அப்புறம்தான் உறைத்தது. நம் ஊரில் சாப்ட்டீங்களா என்று கேட்டால், பட்டினி கிடக்கிறவனும் சாப்ட்டாச்சு என்றுதான் சொல்வான். அது பதில் இல்லை, வணக்கத்துக்குப் பதில் வணக்கம் மாதிரி. நானும் அப்படித்தான் சொல்வேன். புதிருக்குள் நிற்கிற உண்மைக்காரரிடம் போய் மரியாதைக் கேள்வியைக் கேட்டது என் தப்பு.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பாகற்காய் உயர்ந்தது.

"ஏம்மா! இம்புட்டு நேரம் எனக்குப் பாடம் எடுத்தீகளே. ஒருத்தர்கிட்ட அடுத்தவுக என்ன சொல்லுவாகன்னு கேளுங்க!"

அவர் இதை நாடகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"அண்ணே, செல்விகிட்டக் கேட்டா எந்த வாசல்னு சொல்லுவா?"

செல்வி வலது என்று சொன்னதை மண்டபமே கேட்டிருந்தது. அண்ணன் அதை மாற்றிச் சொன்னால் அவர் பொய்க்காரர். அப்படியே சொன்னால் உண்மைக்காரர். இதில் மரியாதைக்கு வேலையே இல்லை.

"வலதுன்னு சொல்லுவா" என்றார் அவர்.

எதிர் வாசல் இடது. நான் இடது வாசலுக்குள் ஓடினேன். பின்னால் "சபாஷ்!" என்று சத்தம் கேட்டது.

அந்த நடை அத்தனை நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. எண்ணெய் வாடை வந்தது. சமையல் கட்டுக்கு வெளியே, படிக்கு இந்தப் பக்கம், என் மகள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் என் கைக்குட்டை. மூக்குக்குக் கீழே, என் கைப்பையிலிருந்து எடுத்த கண்மையில், காது வரை ஒரு மீசை. இரண்டு கையிலும் வடை. படிக்கு அந்தப் பக்கம் வடை மாஸ்டர் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பிள்ளையாம்மா? உள்ள வராதன்னேன், சரியா அங்கனயே நின்னுக்கிருச்சு. நான்தான் இந்த வாசலுக்கு வாட்ச்மேன்னு சொல்லுது. வடை வேணுமா ஆத்தான்னு கேட்டேன். வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே ரெண்டாவது வடையையும் வாங்குது!"

நான் அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். கை, கால், விரல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். "நிலா!"

"நான் நிலா இல்ல."

"அம்மாகிட்ட ஏன்டி சொல்லாம வந்த?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"வடை பிடிச்சிருக்கா?"

"சீ, கசக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு கடி கடித்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் படம் வரைந்துகொண்டிருக்கவில்லை. வேலை கற்றுக்கொண்டிருந்தாள். ரஃபீக் அண்ணனைவிட, செல்வியைவிட, ஒரு இழை பிசகாத பொய்க் காவலாளி.

இதற்குப் பிறகு நான் கேட்டதை எந்தத் தாயும் கேட்டிருப்பாள். வேலைக்குப் போகிற தாய் கட்டாயம் கேட்டிருப்பாள்.

"அம்மாவப் பிடிக்குமா?"

"பிடிக்கவே பிடிக்காது!"

அவளைத் தூக்கிக்கொண்டேன். மீசை பாதி என் தோளில் ஒட்டிக்கொண்டது. நிலா இல்லை என்றது பொய். சொல்லிவிட்டு வந்தேன் என்றது பொய். கசக்கிறது என்றது பொய். ஆகவே கடைசியாகச் சொன்னதும் பொய்தான். உலகத்தில் எத்தனை தாய்க்கு இப்படிக் கணக்குப் போட்டு நிரூபித்துக் காட்டுகிற பாக்கியம் கிடைக்கும்?

திரும்பி வந்தபோது என் முகத்தையும் குழந்தையையும் பார்த்த ரஃபீக் அண்ணனுக்கு மீசை கழன்று தொங்கியது.

"தங்கச்சி… நெசமாத்தான் காணோமா? யா அல்லா. நான் டெஸ்ட்டுன்னுல்ல நெனச்சேன்."

"நீங்கதான இன்னைக்கு உண்மைக்காரர்? டெஸ்ட்டுதான்னு அடிச்சுச் சொன்னீங்க."

"நான் உண்மையாத்தான நெனச்சேன்!"

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று உண்மைக்காரர் சொன்னது தப்பு, பொய்க்காரி செல்வி சொன்னது சரி. டெஸ்ட் இல்லை என்று அவள்தானே சொன்னாள்? உண்மை பேசுகிறவர் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். அவருக்கே தப்பாகத் தெரிந்திருந்தால் எந்த விதியும் நம்மைக் காப்பாற்றாது.

"அது சரி, பசியோட நின்னுக்கிட்டு சாப்ட்டாச்சுன்னு சொன்னீங்களே, அது பொய் இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அது எப்பிடிம்மா பொய்யாகும்? அது மரியாதை."

செல்வி அதற்குள் மூன்று பொட்டலத்தையும் எடுத்து வந்து பிரித்துவிட்டாள். "நான் பொய்க்காரிக்கா. எனக்கு அந்தக் கவலையே இல்ல" என்று முதல் உருண்டையை வாயில் போட்டாள். பாகற்காய்க்காரர் மறுபடி வரிசையில் நின்று, சரியான கேள்வியைக் கேட்டு, கடலை மிட்டாயை வென்று, அதை நிலாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பாகற்காயையும் விடவில்லை. வீட்டில் பொரியல் வைப்பார்களாம்.

அதற்குப் பிறகுதான் நம் பந்தலில் அந்த மணியை மாட்டினேன். மேசைக்குப் பக்கத்தில் தொங்குகிறதே, அதுதான். அதை அடித்தால் வேஷம் கலையலாம், கலைய வேண்டும். சோதனைக்காக அதை அடிக்கக் கூடாது. விளையாட்டுக்கும் அடிக்கக் கூடாது. காவலாளிகளை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சோதியுங்கள். ஆனால் உங்களிடம் பொய் கலக்காத ஒரு சத்தம் மிச்சம் இருக்க வேண்டும். மற்றபடி அந்தச் சோதனைகளை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டுமோ என்று அவ்வப்போது தோன்றும்.

அன்று சாயங்காலம் பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் ஈரக் கைக்குட்டையால் அவள் மீசையைத் துடைத்தேன். போகவில்லை, கன்னம் முழுக்கப் பரவியது. நிரூபணம் எல்லாம் கையில் இருந்தும் எனக்கு ஒரு அரிப்பு.

"ஆட்டம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

முடிந்தது என்று உண்மைக்காரியும் சொல்வாள். ஆட்டம் முடியாவிட்டாலும் 'முடிந்தது' என்று பொய்க்காரியும் சொல்வாள். இது எதையும் காட்டாத கேள்வி. அதனால் இன்னொன்று கேட்டேன்.

"அம்மாவப் பிடிக்குமா?"

"ம். ரொம்பப் பிடிக்கும்."

மத்தியானம் பிடிக்காது, இப்போது பிடிக்கும். எப்போதும் பொய்யே பேசுகிறவள் இரண்டையும் சொல்ல முடியாது. மத்தியானம் பொய்க்காரியாக நின்றாள், இப்போது ஆட்டம் நிஜமாகவே முடிந்துவிட்டது, அதனால் இது உண்மை. கணக்கு அழகாக முடிந்தது. எனக்குக் கண் கலங்கியது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "வடை எத்தன சாப்ட்ட?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள், வாயோரத்து எண்ணெய் மினுமினுக்க.

நான் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். மூன்றாவது தடவை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று ஊர் முழுக்க விதி சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாயிற்று.

ஆனையூர் பஸ் வந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் எதையும் கேட்கவில்லை.